நீதிபதி வீட்டில் எங்கள் தூக்குவாளி

1

போன சனிக்கிழமை காலை, எங்கள் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த சீனப் பெண்மணி ஒரு தட்டு நிறைய ஆரஞ்சுப் பழங்களோடு வந்து மணியடித்தார். அக்கம்பக்கத்தாரிடம் அறிமுகம் செய்துகொள்ள வந்திருக்கிறார். முகத்தில் நல்ல சிரிப்பு. கதவைத் திறந்த நான் உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. தட்டை வாங்கவும் இல்லை. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டேன்.

பல் மருத்துவர் என்றார். அரசாங்கமா தனியாரா என்று கேட்டேன். தனியார் என்றார். வீட்டில் வேறு யாராவது நீதிமன்றம், போலீஸ், அரசியல் கட்சி இந்த மூன்றில் எதிலாவது இருக்கிறார்களா என்று கேட்டேன். அவர் சிரிப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, தன் தம்பி பினாங்கில் மீன்தொட்டி விற்கிறார் என்றார். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் மனைவி மல்லிகா பின்னாலிருந்து வந்து, என்னைச் செருப்பு அலமாரிப் பக்கம் ஒதுக்கிவிட்டு, தட்டை வாங்கிக்கொண்டாள்.

"ஆரஞ்சுப் பழத்துக்கு இண்டர்வியூ வைக்கிற மனுசனை இப்பத்தான் பாக்கேன்" என்றாள், கதவைச் சாத்திய பிறகு.

இந்த மாதத்தோடு நாங்கள் கோலாலம்பூர் வந்து பதினேழு வருடம் முடிகிறது. வருடா வருடம் இந்த மாதத்தில் ஊரிலிருக்கும் உங்களுக்கு எழுதுவேன். இங்கே பெய்யும் மழை, ரயில் கூட்டம், கறிவேப்பிலைச் செடி பிழைத்ததா இல்லையா என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். இந்த வருடம் செடி நன்றாக இருக்கிறது. நான்தான் சரியில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

2

முதலில் எங்களைத் தெரியாதவர்களுக்காக. நான் கிள்ளானில் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் பாய்லர்களைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர். வீடு பிரிக்பீல்ட்ஸில், பதினோராவது மாடி. காலையில் ஊரெல்லாம் நகரத்தை நோக்கி ரயிலில் நசுங்கி வரும்போது நான் எதிர்த்திசையில் உட்கார்ந்து போவேன். இந்த நாட்டில் நான் அடைந்த சொகுசு அது ஒன்றுதான் என்று மல்லிகா சொல்வாள்.

நிரந்தரவாச அனுமதி கிடைக்க எங்களுக்குப் பதிமூன்று வருடம் ஆனது. முதல் தடவை போட்டோவின் பின்னணி நிறம் தப்பு. இரண்டாம் தடவை என் பெயருக்கு முன்னால் நிற்கும் 'மு' யார் என்று கேட்டார்கள். என் அப்பா முத்தையா என்றேன். அன்றிலிருந்து அந்த அலுவலகத்தில் என் பெயர் முத்தையா ஆகிவிட்டது. கூப்பிடும்போது நான் எழுந்து நிற்பேன். காலமாகிப் பத்து வருடமான என் அப்பா, அதற்குப் பிறகு நாலு வருடம் அந்தக் கவுன்டரில் வரிசையில் நின்றார். கடைசியில் அட்டை வந்தது. சிவப்பு நிறம். அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, அந்த உறையை இன்னொரு உறையில் போட்டு வைத்திருக்கிறேன். குக்கர் விசில் சத்தம் கூடினால்கூட அட்டையைப் பிடுங்கிவிடுவார்களோ என்று எனக்குத் தோன்றும்.

பயத்துக்குக் காரணம் எங்கள் மகள் யாழினி. ஆறு வயதில் அழைத்துவந்தோம், இப்போது இருபத்து மூன்று. சட்டம் படித்தாள். குடியுரிமையோ நிரந்தரவாசமோ இல்லாமல் இங்கே வழக்கறிஞராக முடியாது. படித்து முடித்ததும் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் ஒன்பது மாதம் பயிற்சி. 'சேம்பரிங்' என்பார்கள். 'மாஸ்டர்' எனப்படும் அந்த மூத்தவர் கையெழுத்துப் போட்டால்தான் உயர்நீதிமன்றம் ஏற்றுக்கொள்ளும். யாழினிக்குக் கிடைத்த மூத்தவர் சேவியர் என்ற தமிழர். கறாரானவர் என்று பெயர்.

எங்களோடு தமிழில்தான் பேசுகிறாள். ஆனால் தூங்கும்போது மலாயில் பேசுகிறாள். வாதாடுகிறாளா, ஒப்புக்கொள்கிறாளா என்று பெற்ற எங்களுக்குத் தெரிவதில்லை.

3

இனி வழக்கு. எந்த நீதிமன்றம், எந்தத் தொகுதி என்று எழுதக் கூடாதென்பது யாழினியின் உத்தரவு. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓரிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே சட்டமன்ற உறுப்பினர்களை 'ஒய்.பி.' என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். பதவி போனாலும் அந்த இரண்டு எழுத்து போகாது. அப்படி ஒரு முன்னாள் ஒய்.பி. ஒரு தேர்தல் கூட்ட மேடையில் போட்டிக் கட்சி அமைப்பாளர் ஒருவரை டுரியான் பழத்தால் அடித்துவிட்டார் என்பது குற்றச்சாட்டு. டுரியானை நீங்கள் பார்த்திருக்காவிட்டால், நம் பலாப்பழம் கோபப்பட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஆபத்தான ஆயுதத்தால் காயம் விளைவித்தல் என்று வழக்குப் போட்டார்கள். அன்பளிப்பாக வந்த பழம் கையிலிருந்து நழுவியது என்றார் ஒய்.பி. நழுவிய பழம் ஏன் மேலே போய்ப் பிறகு பக்கவாட்டில் போனது என்று அரசுத் தரப்பு கேட்டது.

டுரியான் ஆயுதமா என்பதற்கே இரண்டு நாள் வாதம் நடந்தது. விவசாய அதிகாரி ஒருவர் வந்து முள்ளின் நீளத்தைப் பற்றிச் சாட்சி சொன்னார். சான்றுப் பொருளை ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருக்க முடியவில்லை. வாசனைக்குப் பயந்து போட்டோ எடுத்துவிட்டுப் புதைத்தார்களாம்.

கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் வெளியே யாரும் சிரிக்கவில்லை. தண்டனை கிடைத்தால் ஒய்.பி. அடுத்த தேர்தலில் நிற்க முடியாது. ஒவ்வொரு விசாரணை நாளும் நீதிமன்ற வாசலில் இரண்டு கூட்டம். நீதிபதி அரசாங்கத்தின் ஆள் என்று ஒரு பக்கம், நீதிபதி ஒய்.பி.யின் ஆள் என்று மறு பக்கம். ஒரே பெண்மணியை இரண்டு கூட்டமும் எதிராளிக்குத் தாரை வார்த்திருந்தன.

ஒய்.பி.யின் வழக்கறிஞர் சேவியர். அவருக்குப் பின்வரிசையில் கோப்புகளோடு உட்கார்ந்திருப்பது எங்கள் யாழினி. "கேஸ் பத்தி என்கிட்ட கேக்காதீங்க, நான் அதுல இருக்கேன்னு வெளிய யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். கேட்கவில்லை. பதிலாகத் தமிழ்ப் பத்திரிகையை வரி விடாமல் படித்து, எனக்கென்று ஒரு கருத்தை வளர்த்துக்கொண்டேன். ஊரிலிருந்தபோதே நான் தீர்ப்பைப் படிக்காமல் நீதிபதியைப் படிக்கிறவன். இந்த நீதிபதி அரசாங்கத்தின் பக்கம் சாய்கிறார் என்று மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டேன்.

4

அந்தச் சமயத்தில் எங்கள் மாடியில் ஒரு மலாய்ப் பெண்மணி குடியிருந்தார். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்புதான் வந்தார். ஐம்பது வயதிருக்கும், தனியாள். பெயர் நோர். 'காக்' என்றால் அவர்கள் மொழியில் அக்கா. மல்லிகா அவரைக் காக் நோர் என்று கூப்பிட்டாள். என்ன வேலை என்று ஒருநாள் கேட்டதற்கு, அரசாங்க வேலை என்றார். தபால் இலாகாவாக இருக்கும் என்று நான் முடிவு செய்தேன். அவர் முகத்தில் அப்படியொரு பொறுமை.

தீபாவளிக்கு மாடியில் எல்லா வீட்டுக்கும் அதிரசம் போனது. காக் நோர் வீட்டுக்கு எவர்சில்வர் தூக்குவாளியில் போனது. அது ஒரு வாரத்தில் தேங்காய்ப்பால் கொழுக்கட்டையோடு திரும்பியது. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது நமக்கு மட்டும் உள்ள வழக்கம் என்று மல்லிகா இத்தனை நாள் நினைத்திருந்தாள். அவர்களுக்கும் உண்டு. விளைவு என்னவென்றால், இரண்டு பேருமே வெறும் பாத்திரத்தைக் கொடுக்க முடியாதவர்கள், நிறுத்துவதற்கு வழியே இல்லை. சர்க்கரைப் பொங்கல் போனது, தேங்காய்ப்பாலில் சுண்டவைத்த கோழி ரெண்டாங் வந்தது. உளுந்து வடை போனது, மஞ்சள் பசையரிசிச் சோறு வந்தது. எங்கள் தூக்குவாளி அந்த நடைபாதையில் எங்களைவிட அதிகமாக நடந்தது.

அந்தத் தூக்குவாளியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யாழினிக்குக் காது குத்தியபோது என் மச்சினர் சீராகக் கொடுத்தது. நம் வழக்கப்படி கடையிலேயே பேர் வெட்டி வாங்கியிருந்தார். புள்ளிப் புள்ளியாக, வாளியின் வயிற்றைச் சுற்றி, 'செல்வி யாழினி காதணி விழா, தாய்மாமன் சீர், அம்பாசமுத்திரம்.'

காக் நோருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பூவேலை என்று நினைத்திருக்கிறார்.

யாழினி காலை ஆறரைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவாள். காக் நோரை அவள் மாடியில் ஒருநாளும் பார்த்ததில்லை. ரெண்டாங்கை மட்டும் பார்த்திருக்கிறாள்.

5

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சந்தையிலிருந்து திரும்பி லிஃப்டில் ஏறினேன். காக் நோரும் ஏறினார். என் கையில் பத்திரிகை. முதல் பக்கத்தில் டுரியான் வழக்கு. மலாயில் பாரபட்சத்தை 'ஒரு பக்கம் கனம்' என்பார்கள். அந்தச் சொல்லை அந்த வாரம்தான் கற்றிருந்தேன். புதுச் சட்டை வாங்கியவன் மாதிரி, போட்டுக் காட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தேன்.

பத்திரிகையைத் தட்டிக் காட்டி, இந்த நீதிபதி ஒரு பக்கம் கனம் என்றேன்.

 அவர், இதைப் பற்றி நாம் பேச வேண்டாமே, நேற்றைய வடை மிக நன்றாக இருந்தது என்றார். அடக்கமான பெண்மணி, அரசாங்க வேலை, பயப்படுகிறார் என்று நினைத்து நான் இன்னும் தைரியம் கொடுத்தேன். ஒய்.பி.யின் வழக்கறிஞரை மூன்று தடவை கண்டித்த நீதிபதி, அரசு வழக்கறிஞரை ஒரே ஒரு தடவைதான் கண்டித்தார் என்று விரலை மடக்கிக் காட்டினேன். நாலாவது மாடியில் ஒருவர் ஏறினார். அவருக்கும் சேர்த்து விளக்கினேன். ஏழாவது மாடியில் அவர் இறங்கிவிட்டார். அவருடைய மாடி அதுதானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

பதினொன்றில் கதவு திறந்ததும் காக் நோர், "நீங்கள் நீதிமன்றத்துக்குப் போய்ப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். இல்லை, பத்திரிகையில் படித்தேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மகள் அந்த வழக்கில் இருக்கிறாள் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. உத்தரவு அப்படி. என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகக் காப்பாற்றிய ஒரே ரகசியம் அதுதான். அதை மட்டும்தான் சொல்லியிருக்க வேண்டும்.

6

பத்து நாள் கழித்து, ரயில் சுபாங் ஜெயாவைத் தாண்டும்போது கைப்பேசியில் ஒரு படம் வந்தது. அனுப்பியது என்னோடு வேலை செய்யும் சேகர், கிள்ளான்காரர். முந்தின நாள் நீதிமன்ற வாசலை இரண்டு கூட்டமும் அடைத்துக்கொண்டதால், நீதிபதி காரைச் சாலையிலேயே நிறுத்தி இறங்கி நடந்திருக்கிறார். யாரோ படம் எடுத்துவிட்டார்கள். கறுப்பு உடை, கையில் கோப்பு, மறு கையில் மதியச் சாப்பாடு. மதியச் சாப்பாடு எங்கள் தூக்குவாளியில் இருந்தது.

தபால் இலாகா முகம்தான் அது. பொறுமை மட்டும் இல்லை. பத்திரிகை அவர் படத்தைப் போட்டதில்லை; நீளமான பெயரின் நடுவில் ஒரு 'நோர்' இருந்ததை நான் கவனித்ததில்லை.

படத்தைப் பெரிதாக்கி எழுத்தின்மேல் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். கீழே, இங்கத்திய பேச்சின் வாலான 'லா'வோடு சேகரின் குரல். "அண்ணே, உங்க பாப்பா பேரும் இதானே? நாட்டுல எத்தன யாழினி இருக்காங்க பாருங்க லா." நல்ல மனிதர். அதற்கு மேல் யோசிக்கத் தெரியாதவர்.

மற்றவர்கள் யோசித்தார்கள். ஒரு கூட்டம், யாழினி என்பது ஒய்.பி.யின் பேத்தி என்றது. மறு கூட்டம், அம்பாசமுத்திரம் என்பது ஆளுங்கட்சிக்காரர் ஒருவரின் பூர்வீகம் என்றது. காதணி என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, நகைக்கடைக்காரர் ஒருவர் நீதிபதிக்குத் தோடு கொடுத்தார் என்று ஒருவர் ஆறு நிமிடம் பேசி வெளியிட்டிருந்தார். நடுவில் ஒரு பெண், பாத்திரம் நல்ல கனம், இந்தக் காலத்தில் இப்படிக் கிடைப்பதில்லை என்று எழுதியிருந்தார். அவர் ஒருவர்தான் உண்மையைப் பேசியவர்.

ஷா ஆலமில் இறங்கி எதிர் ரயில் பிடித்துத் திரும்பினேன். வேலைக்கு வயிற்றுப்போக்கு என்று சொன்னேன். அது ஏறக்குறைய உண்மை. பிரிக்பீல்ட்ஸில் தெரிந்த பாத்திரக்கடைக்குப் போய், எவர்சில்வரில் வெட்டிய பேரை அழிக்க முடியுமா என்று பொதுவாகக் கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அண்ணே, வெட்டுறதுக்கே இங்க ஆளு இல்ல. அழிக்க எங்க போறது?" என்று சொல்லிவிட்டு, இதைப் பார்த்தீர்களா என்று தன் கைப்பேசியை நீட்டினார். பார்க்கவில்லை என்றேன். முழுதாகப் போட்டுக் காட்டினார்.

பாத்திரம் அழிந்தாலும் படம் அழியாது என்பது எனக்குக் கடையை விட்டு இறங்கிய பிறகுதான் உறைத்தது. தவிர, பாத்திரம் நீதிபதி கையில் இருக்கிறது. பயத்தில் இன்ஜினியரிங் படித்ததெல்லாம் மறந்துவிடுகிறது.

7

யாழினி அன்று சீக்கிரமே வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. மஞ்சள் காகிதக் கட்டை எடுத்து மேசையில் வைத்து, எங்கள் இருவரையும் எதிரில் உட்காரச் சொன்னாள். எத்தனை தடவை பாத்திரம் போனது, என்னென்ன போனது, என்னென்ன வந்தது என்று வரிசையாகக் கேட்டு எழுதினாள்.  மல்லிகா எண்ணிக்கையோடு சொன்னாள், எத்தனை வடை என்பது உட்பட.

"அந்த ரெண்டாங்?" என்று கேட்டாள் யாழினி.

"அதுவும் அவங்கதான்."

"ஐயோ, நான் மூணு பீஸ் சாப்பிட்டேன்."

"நாலு" என்றாள் மல்லிகா.

இதை விட்டுவிடேன் அம்மா என்று நான் யாழினியிடம் கெஞ்சினேன். அவரே சும்மா இருக்கிறார், ஊரில் ஆயிரம் யாழினி, பத்து நாளில் இதெல்லாம் மறந்துபோகும். உன் பயிற்சி முடிய இரண்டே மாதம், சிவப்பு அட்டை வேறு இருக்கிறது. நீதி, நேர்மை, பாரபட்சம் என்று லிஃப்டில் ஊருக்கே பாடம் எடுத்த வாய் இதையும் சொன்னது.

"எத்தன யாழினிக்கு பா அம்பாசமுத்திரத்துல காது குத்தி, பிரிக்பீல்ட்ஸ்ல வீடு இருக்கும்?" என்றாள். "அவங்க நம்ம வடையத் தின்னது ஒரு விஷயமே இல்ல. தெரிஞ்ச பிறகு நான் வாயத் தொறக்கலன்னா, அதுதான் விஷயம். நாளைக்குக் காலைல மாஸ்டர்கிட்ட சொல்றேன். அவர் ரெண்டு பக்கத்துக்கும் எழுதிக் குடுப்பாரு."

பிறகு பேனாவை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். "கேஸ் பத்தி அவங்ககிட்ட எதாச்சும் பேசினீங்களா? ஒரு வார்த்தை?"

நான் இல்லை என்றேன்.

அவள் 'இல்லை' என்று எழுதி, அதன் கீழே ஒரு கோடு போட்டாள்.

8

விசாரணை நாளன்று விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். பொதுமக்கள் வரிசையில் தூண் மறைக்கும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். முன்னால் சேவியர், அவருக்குப் பின்னால் யாழினியின் கொண்டை. நீதிபதி வந்தார். எல்லோரும் எழுந்தோம். எனக்கு உட்கார மறந்துவிட்டது, காவலர் வந்து தோளைத் தொட்டார்.

நீதிபதியே ஆரம்பித்தார். சேவியர் கொடுத்த கடிதத்தைப் படித்ததாகவும், தன் பக்கத்திலிருந்தும் சொல்ல வேண்டியது இருக்கிறது என்றும் சொல்லி, தூக்குவாளியை எடுத்து மேசைமேல் வைத்தார். கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. மல்லிகா பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருப்பாள். எழுத்தைப் படித்துச் சொல்லும்படி தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வாளியைச் சுற்றிச் சுற்றித் திருப்பி, சத்தமாகப் படித்தார். காதணி விழா சுலபமாகப் போனது. தாய்மாமன் சீரில் மாட்டிக்கொண்டார். பரிசு என்றார், பிறகு பரிசு இல்லை கடமை என்றார், பிறகு அம்மாவின் சகோதரர் கொடுக்காவிட்டால் குடும்பத்தில் மனஸ்தாபம் வரக்கூடிய பொருள் என்றார். அப்படியே பதிவு செய்துகொண்டார்கள்.

பிறகு நீதிபதி உணவுப் பட்டியலை வாசித்தார். யாழினியின் பட்டியலும் அவருடையதும் வடை எண்ணிக்கை வரை ஒத்துப்போயின. ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். அரசு வழக்கறிஞர் எழுந்து, பக்கத்து வீட்டுப் பலகாரத்தை ஆட்சேபிக்கத் தொடங்கினால் இந்த நாட்டில் எந்த வழக்கும் நடக்காது என்றார். சேவியரும் இல்லை என்றார். நான் மூச்சு விட்டேன். எழுந்து வெளியே போயிருக்கலாம்.

"இன்னொன்று இருக்கிறது" என்றார் நீதிபதி.

அந்த வீட்டுக்காரர் லிஃப்டில் இந்த வழக்கைப் பற்றித் தன்னிடம் பேசினார் என்றார். தான் யாரென்று அவருக்குத் தெரியாது, தான் பேச்சை மாற்றப் பார்த்தும் முடியவில்லை, நாலாவது மாடியிலேயே இறங்கியிருக்க வேண்டும், அது தன் தவறு என்றார். தான் ஒரு பக்கம் கனம் என்பது அவருடைய கருத்து என்றும், அது எந்தப் பக்கம் என்றும் சொன்னார். அறையில் சிரித்தார்கள். யாழினி சிரிக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. கொண்டை மட்டும் கல் மாதிரி நின்றது. அதைவிட என்னை அவள் திட்டியிருக்கலாம்.

அதற்குப் பிறகு நீதிபதி சொன்னதை நான் மலாயில் முழுதாகப் புரிந்துகொண்டேன். எப்போதும் பாதிதான் புரியும், அன்று பார்த்து எல்லாம் புரிந்தது. வடையால் என் மனம் மாறாது என்றார். அந்தப் பேச்சால் மாறுமோ என்று பயமாக இருக்கிறது. அன்றிலிருந்து ஒய்.பி.யின் வழக்கறிஞருக்குச் சாதகமாக ஒன்று சொல்லும்போதெல்லாம், இது சட்டமா, அல்லது பதினோராவது மாடிக்காரரின் நினைப்பு தப்பென்று காட்டும் ஆசையா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். பதில் சரியாகத் தெரியவில்லை. தெரியாத வரைக்கும் நான் இந்த நாற்காலியில் இருக்கக் கூடாது என்றார்.

விலகிக்கொண்டார். வழக்கு வேறு நீதிபதியிடம், முதலிலிருந்து. வெளியே இரண்டு கூட்டமும் கைதட்டின. இரண்டுமே தாங்கள் ஜெயித்ததாக நினைத்தன. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த விவசாய அதிகாரி மட்டும், மறுபடியும் வந்து முள்ளை அளக்க வேண்டுமா என்று முனகினார்.

9

மூன்று நாள் யாழினி என்னோடு பேசவில்லை. பேசாதது எனக்குப் புரிந்தது. அவள் சேவியரிடம் கொடுத்த தாளில் 'இல்லை' என்று என் பதில் இருந்தது, அதன் கீழே அவள் போட்ட கோடும் இருந்தது. தெரிந்தே மறைத்தாளா என்று சேவியர் அவளைக் கேட்டிருக்கிறார். அப்பாவைக் கேட்டேன், இல்லை என்றார், எழுதினேன் என்றிருக்கிறாள். யோசித்துச் சொல்கிறேன் என்றாராம் சேவியர். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் ஒன்பது மாதமும் வீண்.

இதை மல்லிகா மூலம்தான் தெரிந்துகொண்டேன். "பொய் சொன்னது நீங்க. புள்ள ஏன் கணக்குச் சொல்லணும்?" என்றாள்.  அன்றிலிருந்து பலகாரமும் செய்யவில்லை.

நாலாம் நாள், இரண்டு உறையிலிருந்தும் சிவப்பு அட்டையை வெளியே எடுத்துக்கொண்டு சத்தியப்பிரமாண ஆணையரிடம் போனேன். இங்கே எதையும் அவர் முன்னால் கையெழுத்திட்டு முத்திரை வாங்கினால்தான் மதிப்பு. மகள் கேட்டபோது நான் பொய் சொன்னேன், அது பொய்யென்று அவளுக்குத் தெரியாது என்று எழுதியிருந்தேன். அட்டையைப் பார்த்து என்னை முத்தையா என்று கூப்பிட்டார். திருத்தவில்லை. அப்பாவும் கூட இருக்கட்டும் என்று தோன்றியது.

ஆணையர் இரண்டு தடவை படித்தார்.

"அங்கிள், பொய் சொன்னேன்னு சத்தியம் பண்றீங்களா?"

"ஆமா."

"இது உண்மையா?"

"பொய் சொன்னது உண்மை" என்றேன். எனக்கே குழப்பமாக இருந்தது. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். முத்திரை குத்திய சத்தத்தில் அட்டையைச் சட்டென்று உறைக்குள் போட்டுக்கொண்டேன்.

அதைச் சேவியரின் அலுவலகத்துக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, தன் முப்பது வருடத் தொழிலில் யாரும் இப்படியொரு தாளைத் தந்ததில்லை என்றார். பாராட்டா என்று கேட்கப் பயமாக இருந்ததால் தேநீர் வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்த வாரமே யாழினியிடம் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லி, பயிற்சி முடிந்ததும் போட்டுக் கொடுத்தார். அட்டையையும் யாரும் கேட்கவில்லை.

காக் நோர் அடுத்த மாதம் வீடு மாறிப் போய்விட்டார். போகுமுன் தூக்குவாளி எங்கள் கதவுப் பிடியில் தொங்கியது. உள்ளே ஒன்றுமில்லை. வெறும் பாத்திரம் வந்தால் முகம் சுளிக்கிற மல்லிகா, அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். "சட்டப்படி சரிதான்" என்றாள்.

10

போன மாதம் யாழினியை உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞராக ஏற்றுக்கொண்டார்கள். இங்கே அது கல்யாணம் மாதிரி. புதியவரை அறிமுகப்படுத்தி மூத்தவர் ஒருவர் ஒரு சிறு உரை வாசிப்பார். குடும்பம், படிப்பு, குணம் எல்லாம் அதில் வரும். புதியவரே எழுதிக் கொடுப்பது வழக்கம் என்பதும், அதை எல்லோரும் தெரியாதது போல் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியும்.

சேவியர் ஆங்கிலத்தில் வாசித்தார். மனுதாரரான யாழினியின் தாய் மல்லிகா, தந்தை கிள்ளானில் இன்ஜினியர். என் சொந்தப் பெயரைச் சரியாகச் சொன்னார். கஷ்டமான நேரத்திலும் உண்மையை மறைக்காமல் சொல்லும் பழக்கத்தை மனுதாரர் தன் வீட்டில், தன் தந்தையிடமிருந்து கற்றார் என்று வாசித்தார். வாசிக்கும்போது அவர் முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை. முப்பது வருடத் தொழில்.

எனக்கு எழுந்து ஆட்சேபிக்க வேண்டும் போல் இருந்தது. மல்லிகா என் வேட்டியின் ஓரத்தைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். நான் எழுந்துவிட்டேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

வெளியே தாழ்வாரத்தில் போட்டோ எடுக்க நின்றோம். கறுப்பு அங்கியில் அவள் வேறு யாரோ மாதிரி இருந்தாள். அந்த வரியை நீயா எழுதினாய் என்று மெதுவாகக் கேட்டேன். ஆமாம் என்றாள்.

"அது பொய்யில்லையாம்மா? அதுவும் கோர்ட்டுல."

"அந்தச் சத்தியப் பேப்பர் இருக்கே பா."

"அது பொய் சொன்ன பிறகு குடுத்தது."

என் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தாள். "உங்க விஷயத்துல நான் பயஸ் லா பா" என்றாள், மலாயும் இல்லாத தமிழும் இல்லாத அவளுடைய மொழியில். அவளுடைய 'ஒரு பக்கம் கனம்' அது. "உங்க கேஸ் வந்தா நான் விலகிக்கணும். ஆனா விலக மாட்டேன்."

அது முறையில்லை, நீதிபதியே விலகினாரே என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துப் படம் எடுத்துவிட்டார்கள். அதைத்தான் பெரிதாக்கி ஹாலில் மாட்டியிருக்கிறாள். அதில் அவள் சிரிக்கிறாள், மல்லிகா கேமராவைப் பார்க்கிறாள், நான் ஏதோ சொல்லப் போகிறேன்.